வீட்டுத் தோட்டக் குழு தொடங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வீட்டில் காய்கறி வளர்க்கும் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு குழு அமைப்பது பற்றிக் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். இப்படி ஒரு குழுவை நான் இரண்டு முறை தொடங்கியிருக்கிறேன். முதலாவது எட்டே மாதத்தில் படுத்துவிட்டது, இரண்டாவது ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் கீழே இருப்பதில் பாதிக்கு மேல், தப்பாகச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

தோட்டம் என் வீட்டில், செடியும் என்னுடையது. இதற்கு எதற்குக் குழு?

ஒரு கிராம் தக்காளி விதையில் ஏறக்குறைய 300 விதை இருக்கும். ஒரு குடும்பத்துக்கு ஆறு செடி போதும். மீதி விதை டப்பாவுக்குள் கிடந்து கிழமாகிப் போகும். மண்வெட்டி, கவாத்துக் கத்தரி, சல்லடை எல்லாம் அப்படித்தான், வருடத்தில் பத்து நாள் வேலை, மற்ற நாளெல்லாம் துருப்பிடிக்கிற வேலை. இவற்றைப் பகிர்ந்துகொள்வது நல்லதுதான். ஆனால் நான் குழு வேண்டும் என்று சொல்வதற்கு முக்கியக் காரணம் அது இல்லை.

தோட்டம் போடுகிறவர்களில் பெரும்பாலானோர் மூன்றாவது மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். முதல் மாதம் உற்சாகம், இரண்டாவது மாதம் பூ, மூன்றாவது மாதம் வெள்ளை ஈயோ மாவுப்பூச்சியோ வந்து இலையெல்லாம் சுருண்டு, அதே வாரம் வெளியூர் போக வேண்டியும் வந்து, திரும்பி வந்து பார்த்தால் பாதிச் செடி காய்ந்திருக்கும். தனியாக இருக்கிறவர் அன்றைக்கே தொட்டிகளை அடுக்கி மூலையில் வைத்துவிடுவார். பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு பேர் வந்து, "இது எங்கள் வீட்டிலும் வந்தது, இந்தக் கிளையை மட்டும் வெட்டிவிட்டால் போதும்" என்று சொன்னால் விட மாட்டார். குழுவின் பயன் அந்த இரண்டு பேர்தான், மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

எத்தனை பேர் இருந்தால் தொடங்கலாம்?

ஐந்து வீடு போதும், பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். என் முதல் குழுவில் அறுபத்து மூன்று பேர் பெயர் கொடுத்தார்கள். மண்வெட்டியோடு வந்தது நான்கு பேர், அதில் ஒருவர் நான். ஆள் அதிகமானால், நாம் போகாவிட்டால் வேறு யாராவது போவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பது சகஜம். எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் வராவிட்டால் தெரிந்துவிடும், அதனாலேயே வந்துவிடுவார்கள்.

எண்ணிக்கையை விட முக்கியம் தூரம். நடந்தே போய்விடக்கூடிய வீடுகளாக இருக்க வேண்டும். கையில் நாற்றுத் தட்டோடு வண்டி பிடித்து வர வேண்டிய தூரத்தில் இருப்பவர் எவ்வளவு ஆர்வமானவராக இருந்தாலும் நான்காவது வாரத்தில் காணாமல் போவார். பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

ஆட்களை எங்கே தேடுவது?

தலையைத் தூக்கிப் பார்த்து நடந்தாலே போதும். எந்த பால்கனியில் தொட்டி இருக்கிறது, எந்தச் சுவருக்கு மேல் கொடி எட்டிப் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டு, உங்களிடம் கூடுதலாக இருக்கும் இரண்டு நாற்றை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள். "குழு தொடங்குகிறோம், சேருகிறீர்களா" என்று ஆரம்பித்தால் ஏதோ வசூலுக்கு வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். "மிளகாய் நாற்று மிச்சமாகிவிட்டது, உங்களுக்கு வேண்டுமா" என்றால் கதவு முழுதாகத் திறக்கும்.

தோட்டம் இல்லாதவர்களையும் ஒதுக்காதீர்கள். எங்கள் குழுவில் வெயிலே படாத வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார், ஒரு செடி கிடையாது, ஆனால் எல்லோர் வீட்டு விதையையும் உலர்த்தி, தாள் உறையில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி வைப்பது அவர்தான். அவர் இல்லாவிட்டால் எங்கள் விதை முழுக்க, பெயர் தெரியாமல் ஒரே பையில் கிடந்திருக்கும்.

முதல் கூட்டத்தில் என்ன பேச வேண்டும்?

கூட்டமே போடாதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என் முதல் குழு கூட்டம் போட்டே செத்தது. குழுவுக்கு என்ன பெயர், சின்னத்தில் இலை இருக்க வேண்டுமா வேர் இருக்க வேண்டுமா, செயலாளர் யார், துணைச் செயலாளர் யார்... மூன்று கூட்டம் முடிந்தபோது ஒரு பிடி மண்ணைக்கூட நாங்கள் யாரும் தொட்டிருக்கவில்லை.

இரண்டாவது முறை, ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து, காலையில் இரண்டு மணி நேரம் எல்லோரும் அங்கே போய் வேலை செய்வது என்று மட்டும் முடிவு செய்தோம். அந்த வீட்டின் பின்பக்கம் உடைந்த செங்கல், பழைய கதவு, முழங்கால் உயரத்துக்குப் புல். ஏழு பேர் போனோம். மூன்று பேர் புல்லை அறுத்து ஒரு மூலையில் குவித்தார்கள், இரண்டு பேர் செங்கல்லை எடுத்து வரிசையாகக் குத்த வைத்து, நாலடிக்கு எட்டடி பாத்திக்கு வரம்பு கட்டினார்கள். வீட்டுக்காரம்மா கதவைக் கழுவி, நாற்றுத் தட்டு வைக்கும் மேசையாக்கிவிட்டார். நான் கொண்டு போன மட்கு உரம் பாதிப் பாத்திக்குத்தான் வந்தது, அளந்து பார்க்காமல் கொண்டு போனது என் தப்பு. அதனால் பாதியில் கீரை விதைத்து, மீதிப் பாதியை அறுத்த புல்லால் மூடி அடுத்த முறைக்கு விட்டோம். பத்தரை மணிக்கு முடிந்தது. கிளம்பும்போது ஒருவர் தானாகவே கேட்டார், "அடுத்தது யார் வீடு?" அதுதான் எங்கள் முதல் கூட்டம், முதல் தீர்மானம், எல்லாமே.

இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் 2006இல் தொடங்கிய பெர்மாபிளிட்ஸ் என்ற முறையும் இதுதான், ஒரு நாளில் ஒரு வீட்டுக்கு எல்லோருமாகப் போய்த் தோட்டம் போட்டுக் கொடுப்பது. அங்கேயும் முதலில் பிறர் வீட்டில் வேலை செய்துவிட்டுத்தான் தன் வீட்டுக்கு ஆள் கேட்க முடியும்.

முறை வைப்பது எப்படி? எல்லோரும் "முதலில் என் வீடு" என்றால்?

எல்லோரும் "என் வீடு வேண்டாம், இன்னும் சுத்தம் செய்யவில்லை" என்று நழுவுவதுதான் வழக்கமாக நடக்கும். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். மாதம் இரண்டு வீடு, ஒரு வீட்டில் ஒரே ஒரு வேலை, இரண்டு மணி நேரம். வீட்டுக்காரர் முந்தின நாளே மண், பை, கயிறு என்று தேவையானதைத் தயாராக வைத்திருக்க வேண்டும். எட்டுப் பேர் வந்து நின்றபின் கடைக்கு ஆள் அனுப்புவது மாதிரிக் கொடுமை எதுவும் இல்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் போதும், விருந்து வைக்கக் கூடாது. இதைச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் வைத்துவிட்டால் அடுத்தவர் அதைவிடப் பெரிதாக வைக்க வேண்டியிருக்கும், அப்புறம் தன் முறை வரும்போது ஒளிந்துகொள்வார்.

முதுகுவலிக்காரர்கள், வயதானவர்கள் மண் தூக்க வேண்டாம். உட்கார்ந்து நாற்றுப் பிரிப்பது, பெயர்ச் சீட்டு எழுதுவது, கயிறு வெட்டுவது என்று வேலைக்குப் பஞ்சமே இல்லை.

எங்களில் யாருக்கும் தோட்டம் பற்றி ஒன்றும் தெரியாது. பரவாயில்லையா?

பரவாயில்லை, ஆனால் முதலில் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் பருவத்துக்குக் கீரை, முள்ளங்கி, பீன்ஸ் போதும். கீரையும் முள்ளங்கியும் பெரும்பாலும் 25, 30 நாளில் கைக்கு வந்துவிடும். தக்காளி நட்ட பிறகு 60 முதல் 80 நாள் கேட்கும், அதுவும் வளர்ந்து நிற்கும்போதுதான் எல்லா நோயும் வரும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒரு மாதத்துக்குள் தட்டில் ஏதாவது விழுந்தாக வேண்டும்.

வெயிலை அளந்து பாருங்கள், எதையும் வாங்குவதற்கு முன்னால். விடுமுறை நாளில் மணிக்கு ஒரு முறை போய் எந்த இடத்தில் வெயில் நேரடியாக விழுகிறது என்று ஒரு தாளில் குறித்தால் முடிந்தது. காய்க்கிற செடிகளான தக்காளி, மிளகாய், கத்தரி, வெள்ளரிக்கு ஆறு முதல் எட்டு மணி நேர வெயில் வேண்டும். கீரை வகைகள் மூன்று, நான்கு மணி நேரத்திலேயே ஒப்பேற்றிவிடும். "செடி நன்றாக வளர்கிறது, காய்க்கத்தான் மாட்டேன் என்கிறது" என்று புலம்புகிறவர்கள் வீட்டில் போய்ப் பார்த்தால் பாதிப் பேரிடம் வெயில்தான் குறைவு. உரத்தைக் கொட்டிக் கொட்டி இலையை மட்டும் வளர்த்திருப்பார்கள்.

தண்ணீருக்கு விரல்தான் அளவுகோல். இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் ஊற்றாதீர்கள். தொட்டிச் செடிகள் காய்ந்து சாவதை விட அழுகிச் சாவதுதான் அதிகம்.

மொட்டை மாடியிலும் பால்கனியிலும் எவ்வளவு தொட்டி வைக்கலாம்?

எடையைக் கணக்குப் போட்டுவிட்டுப் பேசுவோம். நனைந்த மண் ஒரு கன மீட்டருக்கு 1,600 முதல் 2,000 கிலோ வரை இருக்கும். அதாவது ஒரு சதுர மீட்டர் இடத்தில் 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்பினாலே 160 கிலோவுக்கு மேல். தளம் இதைத் தாங்குமா என்பதைக் கட்டடத்தைப் பார்த்த பொறியாளர்தான் சொல்ல முடியும், யூகித்துச் செய்யாதீர்கள். தேங்காய் நார்க்கழிவு கலந்தால் எடை நன்றாகக் குறையும். கனமான தொட்டிகளை நடுவில் வைக்காமல், கீழே சுவர் வரும் ஓரங்களில் வையுங்கள். தண்ணீர் வழிந்து அடுத்தவர் சுவரில் இறங்காமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். ஒரு குழு உடைந்துபோகப் பூச்சியே வேண்டாம், கீழ்வீட்டுக் கூரையில் ஒரு ஈரத்திட்டு போதும்.

தரை மண்ணில் அப்படியே விதைக்கலாமா?

பழைய வீட்டை ஒட்டிய மண், வண்டிகள் அதிகம் ஓடும் சாலையோர மண், முன்பு பட்டறையோ பேட்டரி வேலையோ நடந்த இடம் என்றால் ஈயம் என்ற நச்சு உலோகம் இருக்க வாய்ப்புண்டு. பழைய பெயின்ட்டில் ஈயம் இருந்தது, பெட்ரோலிலும் இருந்தது. வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோல் விற்பனை உலகம் முழுக்க நின்றது 2021இல்தான். ஈயம் மண்ணை விட்டுத் தானாகப் போகாது. குழுவாகச் சேர்ந்து நான்கைந்து வீட்டு மண்ணை ஒரே நேரத்தில் ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த மண்ணில் கீரையும் கிழங்கும் வேண்டாம், ஏனென்றால் மண்ணும் தூசியும் ஒட்டி வீட்டுக்குள் வருவது அவற்றில்தான் அதிகம். மேலே மேடைப் பாத்தி கட்டி வேறு மண் நிரப்பி வளர்க்கலாம்.

எல்லோரும் சேர்ந்து ஒரே இடத்தில் மட்கு உரம் தயாரிக்கலாமா?

குழுவாகச் செய்ய ஏற்ற வேலைகளில் இதுதான் முதலிடம். தனி வீட்டின் காய்கறிக் கழிவு ஒரு வாளி அளவுதான், அது சூடாகாது, மெல்ல மெல்ல மட்கும். நான்கைந்து வீட்டுக் கழிவும் காய்ந்த இலையும் சேர்ந்து நீள, அகல, உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் இருக்கும் குவியலானால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும். அந்தச் சூடு சில நாள் நின்று, கிளறிக் கிளறி எல்லாப் பகுதியும் அதில் வெந்தால் களை விதையும் பெரும்பாலான நோய்க்கிருமியும் செத்துவிடும். ஒரு குளிர்ந்த விடியற்காலையில் கம்பை விட்டுக் கிளறும்போது குவியலிலிருந்து ஆவி எழுந்ததைப் பார்த்து, தீப்பிடித்துவிட்டதோ என்று எங்கள் உறுப்பினர் ஒருவர் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டார். மறுபடி சூடேற ஒரு வாரம் ஆனது.

நாற்றம் வந்தால் பச்சைக் கழிவு அதிகம், காற்று குறைவு என்று அர்த்தம். ஒரு கூடை பச்சைக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்த இலை அல்லது கிழித்த அட்டை போடுங்கள், பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருந்தால் போதும். இறைச்சி, எண்ணெய், சமைத்த மிச்சம் வேண்டாம், எலிதான் வரும்.

வெளியிலிருந்து தொழுவுரம் வாங்கினால் ஒரு எச்சரிக்கை. நாங்கள் ஒரு முறை ஒரு வண்டி நிறையச் சாண உரம் வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டோம். இரண்டே வாரத்தில் ஐந்து வீட்டிலும் தக்காளியின் நுனி இலைகள் சுருண்டு பெரணி மாதிரி ஆகிவிட்டன. பிறகுதான் தெரிந்தது, மேய்ச்சல் நிலத்தில் அடிக்கும் அமினோபைரலிட் போன்ற சில களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றைக் கடந்து, சாணத்திலும் அழியாமல் இருக்கும் என்று. எங்களுக்கு நடந்ததும் அதுதானா என்று சோதித்து உறுதி செய்யவில்லை, ஆனால் அறிகுறி அச்சு அசல் அப்படியே இருந்தது. இப்போதெல்லாம் எந்த உரம் வந்தாலும் ஒரு டப்பாவில் போட்டு நாலு பீன்ஸ் விதையை ஊன்றி மூன்று வாரம் பார்த்துவிட்டுத்தான் பிரிக்கிறோம். இலை சுருண்டால் அந்த உரம் தோட்டத்துக்குள் வராது. மட்காத பச்சைச் சாணம் என்றால், மண்ணைத் தொடும் காய்களுக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பே போட்டு முடித்திருக்க வேண்டும், மற்றவற்றுக்கு 90 நாள்.

விதையைப் பரிமாறிக்கொள்வதில் கவனிக்க வேண்டியது என்ன?

பீன்ஸ், பட்டாணி, தக்காளி, கீரைப் பயிர்களில் லெட்டூஸ், இவை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை, பயமில்லாமல் விதை எடுக்கலாம். தக்காளி விதையை அதன் சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டு, அலசி, தட்டில் உலர்த்துங்கள். தாளில் உலர்த்தினால் ஒட்டிக்கொள்ளும். கலப்பின விதையிலிருந்து வந்த செடியின் விதையை எடுத்தால் தாய் மாதிரியே பிள்ளை வராது. வரட்டும் என்று விளையாட்டாக வளர்க்கலாம், ஆனால் மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

பூசணிக் குடும்பம்தான் வில்லங்கம். பூசணி, வெள்ளரி எல்லாம் தேனீ வழியாக அந்தந்த இனத்துக்குள்ளே கலந்துகொள்ளும். பக்கத்தில் அலங்காரத்துக்கு வளர்த்த கசப்புப் பூசணி இருந்தால் அடுத்த தலைமுறைக் காயில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு வந்துவிடலாம். 2015இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சீமைச் சுரைக்காய் வகையைச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தார், காய் கசந்தது என்று தெரிந்தும் சாப்பிட்டிருந்தார். சமைத்தாலும் அந்த நச்சு போகாது. எங்கள் குழுவில் இதற்கு இரண்டே விதி. இந்தக் குடும்பத்து விதை வேண்டுமானால், மறுநாள் விரியப் போகும் பெண் மொட்டை முந்தின மாலையே நூலால் கட்டிவைத்து, காலையில் அதே ரகத்தின் ஆண் பூவை எடுத்துக் கையால் மகரந்தம் தடவி, திரும்பவும் கட்டிவிட வேண்டும். ஆண் பூவையும் முந்தின மாலையே கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேனீ முந்திக்கொண்டிருக்கும். இரண்டாவது, பச்சைக் காயில் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்து, இயல்பாகக் கசக்கக் கூடாத காய் கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிட வேண்டும். வளர்த்த பாசம் எல்லாம் அங்கே வேலைக்கு ஆகாது.

பழைய விதை முளைக்குமா என்று வாதாட வேண்டாம். ஈரத் துணியில் பத்து விதையைச் சுற்றி வைத்தால் ஒரு வாரத்தில் விடை தெரியும். ஐந்துக்குக் கீழே முளைத்தால் மற்றவர்களுக்குக் கொடுக்காதீர்கள். வெங்காய விதை இரண்டு வருடம் தாண்டினால் சந்தேகம்தான், தக்காளி நான்கைந்து வருடம் வரும்.

ஒரு வீட்டுத் தோட்டத்து நோய் மற்ற வீடுகளுக்குப் பரவாதா?

பரவும். குழு அமைப்பதில் இருக்கும் உண்மையான ஆபத்து இதுதான், பலர் இதைச் சொல்வதில்லை. இலையில் வரும் பூச்சியைக்கூடச் சமாளிக்கலாம், மண்ணோடு போகும் வேர்முடிச்சு நூற்புழுவும் வாடல் நோயும் ஒரு முறை வந்தால் வருடக்கணக்கில் இருக்கும். அதனால் நாற்றுகளைத் தோட்டத்து மண்ணில் வளர்த்துக் கொடுக்காதீர்கள், நார்க்கழிவும் மட்கு உரமும் நிரப்பிய குழித்தட்டில் மட்டும் வளர்த்துக் கொடுங்கள். பொதுக் கருவிகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பும் முன் மண் போகக் கழுவி, வெட்டும் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள் தக்காளி, மிளகாயைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், புகையிலைத் தேமல் வைரஸ் விரல் வழியாகவே ஏறிவிடும். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், கேட்டுவிடுங்கள்.

பூச்சிமருந்து அடிப்பவரைச் சேர்த்துக்கொள்ளலாமா?

குழு பிளப்பதென்றால் இதில்தான் பிளக்கும், பணத்தில்கூட இல்லை. எங்கள் முடிவு இது: அவரவர் தோட்டத்தில் அவரவர் விருப்பம், ஆனால் பகிர்ந்துகொள்ளும் காய், நாற்று, மட்குக் கழிவு மூன்றிலும் மருந்து பட்டிருக்கக் கூடாது, பட்டிருந்தால் சொல்ல வேண்டும். இயற்கை மருந்து என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., சில துளி சோப்புக் கரைசல், வெயில் இறங்கிய பிறகு, தேனீ போன பிறகு. தளிரில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மட்டும்தான் என்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும், மீதியைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும், நீங்கள் அதைக் கொல்லாமல் இருந்தால்.

கொசு வரும் என்று வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது நியாயம்தான். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுகளை வாரம் ஒரு முறையாவது கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள், முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும். தட்டே இல்லாமல் செங்கல் மேல் தொட்டியை வைத்தால் இன்னும் நல்லது.

பணம் வசூலிக்க வேண்டுமா? பதிவு செய்ய வேண்டுமா?

முதல் ஆறு மாதம் வசூல் வேண்டாம். மொத்தமாக உரம் வாங்கும்போது யார் எத்தனை மூட்டை என்று எழுதி, அன்றே பிரித்து, அன்றே கணக்கை முடியுங்கள். கையில் பணம் நின்றால்தான் பொருளாளர், தணிக்கை, சண்டை எல்லாம். பொது இடத்தைக் குத்தகைக்கு எடுப்பது, நிதி உதவி கேட்பது என்று போனால் பதிவு தேவைப்படலாம். வீட்டுக்கு வீடு போய் மண் வெட்டுவதற்கு எதற்கு?

விளைந்ததை எப்படிப் பங்கிடுவது?

பங்கிடாதீர்கள். அவரவர் தோட்டத்தில் விளைந்தது அவரவருக்கு. மிஞ்சினால் ஒரு வீட்டு வாசலில் பெட்டி வைத்துப் போட்டுவிடலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். யார் எவ்வளவு போட்டார், எவ்வளவு எடுத்தார் என்று எண்ண ஆரம்பித்தால் பெட்டி காலியாகவே இருக்கும். வெள்ளரி காய்க்கும் காலத்தில் பெட்டியில் வெள்ளரியைத் தவிர வேறு எதுவும் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் விதைக்கும்போதே, நீங்கள் இந்த வாரம், நான் மூன்று வாரம் கழித்து என்று பேசிக்கொள்வது நல்லது.

வேலைக்கு வராமல் நாற்றை மட்டும் வாங்கிப் போகிறவரை என்ன செய்வது?

எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு. முதலில் காரணத்தைக் கேளுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் ஐந்து மாதம் வேலைக்கு வரவில்லை, முணுமுணுப்பு அதிகமாகி நான் போய்க் கேட்டால், படுத்த படுக்கையாக இருக்கும் தாயை விட்டு இரண்டு மணி நேரம் வெளியே வர முடியாத நிலை. அதற்கப்புறம் நாற்றுத் தட்டுகளை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டோம், வீட்டுக்குள் இருந்துகொண்டே பார்த்துக்கொள்கிறார், எங்களில் யாரையும் விட நன்றாக. காரணம் எதுவும் இல்லாமல் சோம்பல்தான் என்றால், மூன்று முறை வேலைக்கு வந்தவருக்குத்தான் அவர் வீட்டில் வேலை நடக்கும் என்ற விதி தானாகவே வடிகட்டிவிடும். நாற்றைக் கொடுத்துவிடுங்கள், ஆறு தக்காளி நாற்றுக்காக ஒருவரைப் பகைத்துக்கொள்வதில் லாபம் இல்லை.

வாட்ஸ்அப் குழு தொடங்கலாமா?

தொடங்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. வேலை நாள், நாற்று இருப்பு, செடியின் படம் போட்டு "இது என்ன பூச்சி", இவ்வளவுதான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். காலை வணக்கப் பூங்கொத்து போடுபவரிடம் நிஜமான பூவின் படம் கேளுங்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறேன்.

தொட்டியும் பையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலி செய்யும் போது தூக்க எட்டுப் பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

இதனால் வீட்டுச் செலவு குறையுமா?

முதல் வருடம் குறையாது, தொட்டி, மண், விதை என்று கையை விட்டுத்தான் போகும். அப்புறம் கீரை, மிளகாய், மூலிகை இவற்றில் தெரிய ஆரம்பிக்கும். பையில் வளர்த்த உருளைக்கிழங்கில் ஒரு நாளும் தெரியாது. பெரிய அளவில் முடியாத காரியம் இல்லை, இரண்டாம் உலகப் போரின்போது 1943 வாக்கில் அமெரிக்காவில் மக்கள் தாங்களே காய்கறி வளர்த்த 'வெற்றித் தோட்டங்கள்' ஏறக்குறைய 2 கோடி இருந்தன, நாட்டின் காய்கறியில் 40 சதவீதம் அவற்றிலிருந்து வந்தது என்பது அக்காலத்து மதிப்பீடு. ஆனால் போர் முடிந்ததும் அவற்றில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. நான் அந்தக் கதையில் எப்போதும் யோசிப்பது, விடாமல் தொடர்ந்த சிலர் யார், அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்பதைத்தான்.

நான்தான் எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கிறேன். நான் விட்டால் நின்றுவிடுமா?

அப்படித் தோன்றினால் இன்றைக்கே ஒரு வேலையையாவது இன்னொருவர் கையில் கொடுத்துவிடுங்கள். எங்கள் குழுவில் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு, யார் வீட்டில் எப்போது என்ன வேலை நடந்தது, எந்த விதை யாரிடமிருந்து வந்தது, எது தோற்றது என்று வரிசையாக எழுதியிருக்கும். அது வேலை நடக்கும் வீட்டிலேயே தங்கி, அடுத்த முறைக்காரரிடம் போகும். அந்த மாத ஒருங்கிணைப்பாளர் யார் என்றால் நோட்டு யார் வீட்டில் இருக்கிறதோ அவர்.

போன வருடம் மூன்று மாதம் நான் ஊரில் இல்லை. போகும்போது பதினோரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து நோட்டைப் பார்த்தால் அந்தப் பதினோரு பக்கத்தையும் மடித்து நாற்றுத் தொட்டி மாதிரி செய்திருக்கிறார்கள், அதில் முளைத்த பீன்ஸ் என் வீட்டுப் பாத்தியில் பந்தல் ஏறி நின்றது. பந்தலை நான் சொன்ன இடத்தில் போடவில்லை, வெயில் நன்றாக விழும் வேறு இடத்தில் போட்டிருந்தார்கள்.